நடந்து காட்டுனதுக்கு 4000 ரூபாய்: கோயமுத்தூர்ல ஒரு நடை டெஸ்ட் சென்டர், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போய்ட்டு வந்த கதை

முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3 ஸ்டார். மெஷினுக்கு 5, அங்க இருந்த பிசியோ பொண்ணுக்கு 5, ரிப்போர்ட்டுக்கு 1. நான் கணக்கு டீச்சர், இதுக்கு சராசரி 3.67 வரும்னு எனக்கும் தெரியும், ஆனா காசு குடுத்துட்டு நம்ம கைல வாங்கிட்டு வர்றது ரிப்போர்ட்தானே, அதனால அதுக்கு வெயிட் ஜாஸ்தி போட்டு கொறைச்சிருக்கேன். சென்டர் பேர் போடலை. குறைய நேர்லயே சொல்லிட்டோம், அவங்களும் கேட்டுக்கிட்டாங்க, அதுக்கப்பறமும் இங்க பேரை போட்டு இழுக்கறது நல்லா இருக்காது.

எதுக்கு போனோம்னா எனக்கு வலது முட்டி. மாடிப்படி ஏறும்போது ஒண்ணும் தெரியாது, எறங்கும்போதுதான் முட்டிச்சில்லுக்கு பின்னாடி யாரோ விரலை வெச்சு அமுக்கற மாதிரி. 19 வருசம் போர்டு முன்னாடி நின்ன கால், என்ன பண்றது. எங்க வீட்டுக்காரருக்கு காலைல கட்டில்ல இருந்து எறங்கி முதல் நாலு அடி வெச்சா குதிகால்ல முள்ளு குத்துது, அப்பறம் சரியாயிடுது. ரெண்டு பேரும் ரேஸ்கோர்ஸ்ல வாக்கிங் போறவங்க, போறவங்கன்னா சேந்து கெளம்புவோம், அவ்வளவுதான், ரெண்டாவது நிமிசம் அவர் இருபது அடி முன்னாடி இருப்பார், நான் "ஏனுங்க, சித்த மெதுவா போங்க"ன்னு பின்னாடி இருந்து கத்திட்டே போகோணும். வாக்கிங்ல பழக்கமான ஒரு அக்காதான் சொன்னாங்க, இப்பல்லாம் கேமரா வெச்சு நடையை படம் புடிச்சு எங்க தப்புன்னு சொல்லிடறாங்கன்னு. போன் பண்ணி கேட்டா ஒருத்தருக்கு 2500, ஜோடியா வந்தா 4000. சரி போலாம்னு போனோம்.

போன்ல ஒரு விசயம் சொல்லாம விட்டுட்டாங்க. அரை டிராயர் போட்டுட்டு வரணும். நான் சுடிதார்ல போய் நிக்கறேன், உள்ள இருந்த பையன் கைல டேப்பும் ஒரு டப்பா நிறைய வெள்ளி கலர் உருண்டையும் வெச்சுக்கிட்டு "மேடம் ஷார்ட்ஸ் கொண்டு வரலையா"ங்கறான். உருண்டையை எலும்பு மேல ஒட்டணும், துணி மேல ஒட்டுனா துணி ஆடறதைத்தான் கேமரா பாக்கும், கால் ஆடறதை பாக்காது, அது நியாயம்தான். ஆனா இடுப்பெலும்போட முன் நுனி ரெண்டு, தொடை பக்கவாட்டுல, இப்படி எல்லாம் ஒரு ஆம்பளைப் பையன் தொட்டு பாத்து ஒட்டறதுக்கு நான் தயாரா போகலை. லேடி ஸ்டாஃப் வேணும்னேன். 40 நிமிசம் உக்கார வெச்சாங்க. பொம்பளைங்க டெஸ்டுக்கு வருவாங்கன்னு தெரிஞ்சே கடை தொறந்தவங்க இதை முன்கூட்டியே யோசிச்சிருக்கலாம்.

ஆனா அந்த பொண்ணு வந்த பிறகு எல்லாம் மாறிடுச்சு. இருபத்தஞ்சு இருபத்தாறு வயசு இருக்கும், வந்த உடனே ஸ்கிரீனை இழுத்து மறைச்சுட்டு, துவைச்சு வெச்ச ஷார்ட்ஸ் ஒண்ணு குடுத்துட்டு, "அக்கா கை ஜில்லுனு இருக்கும், கோச்சுக்காதீங்க"ன்னு சொல்லிட்டுதான் தொட்டா. சுண்டைக்கா சைஸ் உருண்டைங்க. தோள்ல, மணிக்கட்டுல, இடுப்புல, தொடைல, முட்டியோட வெளிப்பக்கம், கணுக்கால் மொட்டு, குதிகால், கால் விரலுக்கு பின்னாடி இருக்கற எலும்பு. ஒவ்வொண்ணுக்கும் விரலால தடவி எலும்பை கண்டுபுடிச்சு, பேனால புள்ளி வெச்சு, எந்திரிச்சு நிக்க சொல்லி திருப்பி தடவி பாத்து, அப்பறம்தான் டேப். ஏன் இவ்வளவு மெனக்கெடறேன்னு கேட்டதுக்கு முட்டில ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டுனாலே கோணம் சில டிகிரி மாறிடும் அக்கா, அப்பறம் இல்லாத வியாதியை இருக்குன்னு எழுதிடுவோம்னா. (இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.)

எங்க வீட்டுக்காரர் கதைதான் சிரிப்பு. அவருக்கு இடுப்பு முன்னாடி ஒட்டுன ரெண்டு உருண்டையும் தொப்பைக்கு கீழ போயி ஒளிஞ்சுக்குது, கேமராவுக்கு தெரிய மாட்டேங்குது. "சார் சித்த உள்ள இழுங்க"ன்னு பையன் சொல்ல, இவர் மூச்சை புடிச்சுட்டு நடக்க, அது இன்னும் கேவலமா போச்சு. கடைசில உருண்டையை கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளி ஒட்டி, எவ்வளவு தள்ளுனோம்னு அளந்து கம்ப்யூட்டர்ல போட்டாங்க.

ரூம் நீளமா இருக்கு, நடக்கற எடம் ஒரு 8 மீட்டர். சுவத்துல சுத்தி 8 கேமரா. தரைல ரெண்டு தகடு பதிச்சிருக்காங்க, அதுல மிதிச்சா எவ்வளவு வேகத்துல எவ்வளவு எடை எறங்குதுன்னு காட்டும். இங்கயும் அந்த பொண்ணு கெட்டிக்காரி. "கீழ பாக்காதீங்க அக்கா, எதிர்ல காலண்டர் மாட்டிருக்கு பாருங்க, அதுல தேதி பாத்துக்கிட்டே வாங்க"ன்னா. தகடு எங்க இருக்குன்னு பாத்து மிதிக்க ஆரம்பிச்சா நம்மளை அறியாமலே அடியை நீட்டுவோம் இல்ல சுருக்குவோம், அளவு கெட்டுப்போகும். ஏழெட்டு தடவை நடந்தேன், அதுல தானா கால் சரியா விழுந்த நாலை மட்டும் எடுத்துக்கிட்டா. முதல் ரெண்டு தடவை கல்யாண மேடைக்கு போற மாதிரி நடந்தேன்னு எனக்கே தெரிஞ்சுது, மூணாவதுல இருந்துதான் என் நடை வந்துச்சு.

ஸ்கிரீன்ல பாத்தா ஆளே இல்ல, கருப்புல வெறும் வெள்ளை புள்ளிங்க நடந்து போகுது. பதினஞ்சு இருபது புள்ளி. ஆனா சத்தியமா சொல்றேன், எங்க வீட்டுக்காரர் புள்ளிங்க வந்த உடனே இது அவர்தான்னு தெரிஞ்சு போச்சு, இடது கையை ஆட்டாம வலது கையை மட்டும் வீசிட்டு, தோளை தோளை அசைச்சுக்கிட்டு. இதை சும்மா விளையாட்டுக்கு சொல்லலை, ஸ்வீடன்ல குன்னார் யோஹான்சன்னு ஒரு சைக்காலஜிகாரர் 1973லயே மூட்டு மூட்டுக்கு வெளிச்சப் புள்ளி வெச்சு நடக்க விட்டு, வெறும் புள்ளியை பாத்தே அது மனுசன் நடக்கறதுன்னு ஜனங்க கண்டுபுடிச்சிடறாங்கன்னு காட்டிருக்கார். 1977ல அமெரிக்கால கட்டிங், கோஸ்லோவ்ஸ்கின்னு ரெண்டு பேர் அதே மாதிரி புள்ளிங்களை காட்டி, கூட இருக்கற ஃபிரண்டு யாருன்னு சொல்ல முடியுதான்னும் பாத்தாங்க, ஆணா பொண்ணான்னு சொல்ல முடியுதான்னும் பாத்தாங்க. ரெண்டுலயும் குருட்டாம்போக்குல சொல்றதை விட ஜாஸ்தியா சரியா சொன்னாங்க, ஆனா எல்லாரும் எல்லா தடவையும் இல்ல. ஆம்பளைங்க நடக்கும்போது தோள் பக்கம் அசைவு ஜாஸ்தி, பொம்பளைங்களுக்கு இடுப்பு பக்கம் ஜாஸ்தி, அதை வெச்சுத்தான் கண்ணு கண்டுபுடிக்குது. நம்ம ஊர்ல அன்னநடைன்னு சொல்லி வெச்சவங்களுக்கு கேமரா தேவைப்படலை.

இது வரைக்கும் 5 ஸ்டார். இதுக்கப்பறம்தான் வினை.

டிரெட்மில்லுக்கு அந்த பையன்கிட்ட அனுப்பினாங்க. நான் வாழ்க்கைல அதுல ஏறினதில்ல. பயந்துட்டேன். "மேடம் பயப்படாதீங்க, 3ல வெக்கறேன், கம்பியை புடிச்சுக்கங்க"ன்னு 3 கிலோமீட்டர் வேகத்துல ஓட விட்டான். அது கோயில்ல பிரகாரம் சுத்தற வேகம். ரெண்டு நிமிசத்துல முடிச்சுட்டான். பழக்கமில்லாதவங்களை டிரெட்மில்ல குறைஞ்சது அஞ்சாறு நிமிசம் நடக்க விட்டுட்டுதான் அளக்கவே ஆரம்பிக்கோணும், அதுவும் கம்பியை விட்டுட்டு. எங்க வீட்டுக்காரர் ஏறுனதும் "தம்பி, இன்னும் கொஞ்சம் வேகம் வை"ன்னார், 4.5ல வெச்சான். ரெண்டு பேருக்கும் ரெண்டு வேகம். இதை யாரும் எங்கயும் எழுதி வெக்கலை.

மறுநாள் வாட்ஸாப்ல ரிப்போர்ட் வந்துச்சு, தரைல நடந்ததை விட்டுட்டு டிரெட்மில் நடையை வெச்சு போட்டது. பதினோரு பக்கம், கலர் கலரா. அவருக்கு 100க்கு 94, எனக்கு 68. எனக்கு ஆறு எடத்துல செவப்பு. அடி நீளம் கம்மி, 50 சென்டிமீட்டர். ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரைல இருக்கற நேரம் ஜாஸ்தி, 30 சதவீதம். குதிகால் ஊனுன உடனே முட்டி லேசா மடங்கி அதிர்ச்சியை வாங்கணும், அது கம்மி. பின்னங்கால் விரலால உந்தறது வீக். இடுப்பு ஒரு பக்கமா எறங்கறது ஜாஸ்தி. தொடை உள்பக்கமா சாயறது ஜாஸ்தி. கடைசி பக்கத்துல "இடுப்பு தசை பலவீனம், 12 சிட்டிங் பேக்கேஜ், 18,000 ரூபாய்." வீட்டுக்காரர் 94ஐ எங்க மாமியாருக்கு போன் போட்டு சொல்றார். இத்தனைக்கும் குதிகால் வலின்னு போனவர் அவர்.

எனக்கு கோவம் வர்றதை விட சந்தேகம்தான் வந்துச்சு. பரிச்சை பேப்பர் திருத்தற ஆளு நான், ரெண்டு பசங்களுக்கு ரெண்டு கொஸ்டின் பேப்பர் குடுத்துட்டு ஒரே ஆன்சர் கீ வெச்சு திருத்துனா மார்க்குக்கு என்ன அர்த்தம். ஒரு வாரம் ராத்திரி உக்காந்து படிச்சேன்.

நடைல எல்லா நம்பரும் வேகத்தோட கட்டிப்போட்டிருக்கு. சாதாரண வேகத்துல ஒரு கால் ஒரு சுத்து வர்ற நேரத்துல ஏறக்குறைய 60 பங்கு தரைல, 40 பங்கு காத்துல. அதுல ரெண்டு காலும் சேந்து தரைல இருக்கறது ஒரு 20 பங்கு. மெதுவா போனா இந்த 20 ஏறும், வேகமா போனா எறங்கும், எறங்கி எறங்கி பூஜ்ஜியம் ஆயிட்டா அதுக்கு பேருதான் ஓட்டம். அடி நீளமும் அப்படித்தான், வேகம் கூடினா அடியும் நீளும், நிமிசத்துக்கு வெக்கற அடியும் கூடும், ரெண்டும் சேந்தே ஏறும். முட்டி மடங்கறது மெதுவா போகும்போது கம்மியாதான் இருக்கும், ஏன்னா வாங்கறதுக்கு பெருசா அதிர்ச்சியே இல்லையே. விரலால உந்தறதும் அதே. தரைத் தகடு போடற கிராஃப் இன்னும் அழகு, சாதாரண நடைல ரெண்டு திமில் ஒட்டகம் மாதிரி இருக்கும், குதிகால் ஊனும்போது ஒரு திமில், உந்தும்போது ஒரு திமில், ரெண்டுமே நம்ம எடையை விட பத்து இருபது சதவீதம் ஜாஸ்தி, நடுவுல ஒரு பள்ளம், அங்க எடையை விட கம்மி. வேகம் கூட்டுனா திமில் ஏறும், பள்ளம் எறங்கும். மெதுவா போனா ஒட்டகம் கழுதை முதுகு மாதிரி தட்டையாயிடும். ஆக என்னோட ஆறு செவப்புல நாலு, நல்ல ஆரோக்கியமான எவரையும் 3ல கம்பியை புடிச்சுக்கிட்டு நடக்க விட்டா வர்ற செவப்புதான்.

மிச்சம் ரெண்டு, இடுப்பு எறங்கறதும் தொடை சாயறதும். அது பொண்ணா பொறந்த செவப்பு.

இதுல ஒரு வரலாறு இருக்கு. அமெரிக்கால மில்வாக்கில மேரி பாட் மர்ரேன்னு ஒரு பிசியோதெரபி அம்மா, சாதாரண மனுசங்க நடை எப்படி இருக்கும்னு முதல் முதல்ல ஒழுங்கா அளந்து போட்டவங்கள்ல ஒருத்தர். 1964ல வந்த அவங்க பேப்பர் சாதாரண ஆண்களோட நடை பத்தி. பொண்ணுங்க நடை பத்தின பேப்பர் 1970ல. அளந்தவரே பொம்பளை, அப்பவும் ஆறு வருசம் லேட்டுதான் நமக்கு. அப்பறம் பாஸ்டன்ல கெரிகன்னு ஒரு டாக்டரம்மாவோட குழு 1998லயும் 2002லயும் இளவயசு ஆம்பளை பொம்பளைங்களை பக்கத்துல பக்கத்துல வெச்சு அளந்தாங்க. 2002 பேப்பர்ல வந்தது இதுதான்: பொம்பளைங்களுக்கு இடுப்பெலும்பு ஏறி எறங்கறது ஜாஸ்தி, ஆனா ஒடம்போட மொத்த எடை மையம் மேல கீழ குதிக்கறது கம்மி. அதாவது இடுப்பு ஆடறது வீக்னஸ் இல்ல, மேல இருக்கற ஒடம்பு குலுங்காம போறதுக்கு அதுவும் ஒரு வழியா இருக்கலாம். தலைல குடம் வெச்சுட்டு போறவங்களை பாத்திருக்கீங்கல்ல, இடுப்புக்கு கீழ எல்லாம் ஆடும், குடத்துல தண்ணி தளும்பாது.

தொடை உள்பக்கம் சாயறதும் அப்படித்தான், நம்ம இடுப்பு அகலத்துக்கும் தொடை எலும்பு நீளத்துக்கும் உள்ள கணக்குல முட்டி கொஞ்சம் உள்ள வரும். சராசரியா ஆம்பளைங்களை விட நமக்கு அது சில டிகிரி ஜாஸ்தி. சராசரின்னுதான் சொல்றேன், எங்க ஸ்டாஃப் ரூம்லயே எங்க பி.டி. சார் நடக்கறதை பாத்தா இதெல்லாம் பொய்யோன்னு தோணும்.

இன்னொண்ணு, உயரத்தை ஆண் பெண் வித்தியாசம்னு நினைச்சுடக்கூடாது. அடி எண்ணற பழைய பெடோமீட்டர்ல அடி நீளம் கணக்கு போட ஒரு பார்முலா உண்டு, ஆம்பளைன்னா உயரத்தை 0.415ஆல பெருக்கு, பொம்பளைன்னா 0.413ஆல பெருக்கு. பாத்தீங்களா வித்தியாசம் எவ்வளவுன்னு? மூணாவது தசம ஸ்தானத்துல நிக்குது. எனக்கு 155 சென்டிமீட்டர், 64 வரும். அவருக்கு 175, ஏறக்குறைய 73. அந்த 9 சென்டிமீட்டர்ல முக்கால்வாசிக்கு மேல நெட்டை குட்டை சமாச்சாரம், ஆண் பெண் இல்ல. பொதுவா நம்ம அடி சின்னது, அதை ஈடு கட்ட நிமிசத்துக்கு சில அடி ஜாஸ்தி வெக்கறோம்.

இப்ப ரேஸ்கோர்ஸ் விசயத்துக்கு வர்றேன், இதை படிச்சதுல எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். கப்பல் மாடல் செஞ்சு தண்ணில இழுத்து பாத்த வில்லியம் ஃப்ரூட்னு ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர், பத்தொம்பதாம் நூற்றாண்டு ஆளு, அவர் பேர்ல ஒரு நம்பர் இருக்கு. வேகத்தை வேகத்தால பெருக்கி, அதை புவியீர்ப்பு 9.81 பெருக்கல் கால் நீளத்தால வகுக்கணும். நடக்கறப்ப ஊனுன கால் தலைகீழா நிக்கற ஊஞ்சல் மாதிரிங்கறதால இந்த கணக்கு நடைக்கும் பொருந்துது. நெட்டையும் குட்டையும் சமமா சிரமப்படறாங்களான்னு பாக்கணும்னா கிலோமீட்டரை பாக்கக்கூடாது, இந்த நம்பரை பாக்கணும். அவர் கால் 92 சென்டிமீட்டர், என் கால் 80. போட்டு பாத்தா அவர் 4.5ல நடக்கறதும் நான் 4.2ல நடக்கறதும் ஒண்ணு. ரேஸ்கோர்ஸ்ல அவர் 6ல போறார், நானும் புடிக்கறேன்னு 6ல போறேனே, அது அவரை 6.4ல நடக்க விடறதுக்கு சமம். இந்த நம்பர் ஏறக்குறைய 0.5 வரும்போது மனுசங்க நடக்கறதை விட்டுட்டு தானா ஓட ஆரம்பிப்பாங்க, எனக்கு அது 7.1 கிலோமீட்டர்ல வரும், அவருக்கு 7.6ஐ தாண்டித்தான். பதினாறு வருசமா "நீ மெதுவா வர்ற"ன்னு வாங்கின பேச்சுக்கு ஒரு ஸ்கொயர் ரூட்ல பதில் இருந்திருக்கு.

2013ல அமெரிக்கால ஒரு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, தனியா நடக்க விட்டு, அப்பறம் ஜோடியா நடக்க விட்டு. காதலியோட நடக்கும்போது ஆம்பளைங்க தன் வேகத்தை கொறைச்சு அவங்க வேகத்துக்கு வந்துடறாங்களாம். எங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சு காட்டுனேன். "அது காதலிக்கு"ன்னார்.

சரி சென்டருக்கு திரும்ப வர்றேன். அடுத்த சனிக்கெழமை ரிப்போர்ட்டை எடுத்துட்டு ரெண்டு பேரும் போனோம். நல்ல வேளை அந்த பொண்ணு இருந்தா. நான் நோட்ல எழுதிட்டு போன கணக்கை காட்டுனேன், அவ ரெண்டு நிமிசம் பாத்துட்டு "அக்கா, நீங்க சொல்றது சரிதான், இதை நான் பாத்திருந்தா அனுப்ப விட்டிருக்க மாட்டேன்"னா. சாக்கு சொல்லாம ஒத்துக்கிட்டா பாருங்க, அதுக்கே ஒரு ஸ்டார் தனியா குடுக்கலாம். காசு வாங்காம திருப்பி டெஸ்ட் பண்ணுனாங்க. நான் தரைல, என் சொந்த வேகத்துல. 4.3 வந்துச்சு. அடி நீளம் 60, நிமிசத்துக்கு 119 அடி, ரெண்டு காலும் தரைல இருக்கற நேரம் 22 சதவீதம். நாலு செவப்பும் காணோம், பச்சை. இடுப்பு எறங்கறது மட்டும் முன்னை விட கொஞ்சம் ஏறிடுச்சு, வேகம் கூடினா அதுவும் கூடும், அது எதிர்பாத்ததுதான்.

அப்பறம் நான்தான் பிடிவாதமா, இவரையும் டிரெட்மில்ல 3ல ஏத்துங்கன்னேன். கம்பியை புடிச்சுக்கிட்டு. 94 வாங்குன மகராசனுக்கு 71. நாலு செவப்பு, அதே நாலு. அந்த ஸ்கிரீனை நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன், மாமியாருக்கு இன்னும் அனுப்பலை, தேவைப்படும்போது அனுப்பலாம்னு இருக்கேன்.

சாஃப்ட்வேர்ல ஒரு ஒப்பீட்டு பட்டை இருக்கு, பின்னாடி சாம்பல் கலர்ல ஓடும், அதுக்குள்ள நம்ம கோடு இருந்தா நார்மல், வெளிய போனா செவப்பு. அந்த பட்டை ஆம்பளை பொம்பளை எல்லாரையும் ஒண்ணா கலந்து, ஒரே ஒரு சாதாரண வேகத்துல எடுத்தது. பொம்பளைங்களுக்கு தனிப்பட்டை, மெதுவான வேகத்துக்கு தனிப்பட்டைன்னு மாத்தற வசதி அதுலயே இருக்குதாம், யாரும் செட்டிங்ல போய் மாத்தலை. இவ்வளவு வெலை மெஷினை வாங்கி வெச்சுட்டு டீஃபால்ட்ல ஓட்டறது, புது காரை வாங்கி முதல் கியர்லயே ஓட்டற மாதிரி.

இப்ப நியாயமா இன்னொண்ணும் சொல்லோணும், இல்லைன்னா நான் ஒருதலைப்பட்சமா எழுதின மாதிரி ஆயிடும். என் முட்டி வலி பொய் இல்லையே. அந்த பொண்ணு மெஷினை ஓரங்கட்டிட்டு கையாலயே பாத்தா. ஒருக்களிச்சு படுக்க வெச்சு மேல் காலை தூக்க சொல்லி அமுக்கி பாத்தா, வலது பக்கம் சீக்கிரமே தளந்துடுச்சு. அப்பறம் ஒரு சின்ன ஸ்டெப்ல நிக்க வெச்சு, ஒத்தைக்கால்ல மெதுவா எறங்க சொன்னா, கண்ணாடில நானே பாத்தேன், வலது முட்டி கட்டை விரலை தாண்டி உள்ள வளைஞ்சுது, இடதுல அப்படி இல்ல. சமதரை நடைல எல்லா பொம்பளைங்களுக்கும் இருக்கற சாய்வு வேற, எனக்கு ஒரு பக்கம் மட்டும் படி எறங்கும்போது வர்ற இது வேற. ஆக எக்சர்சைஸ் தேவைதான், இடுப்புக்கும் தொடைக்கும். ஆனா அந்த பதினோரு பக்கம் சொன்ன காரணம் தப்பு, சொன்ன பேக்கேஜும் தேவையில்லாம போச்சு, நாலு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்து மாசம் ஒரு தடவை வந்து காட்டுங்க போதும்னா. ஆறு வாரம் ஆச்சு, படி எறங்கறது பரவால்ல, முழுசா போகலை.

வீட்டுக்காரருக்கு கெண்டைக்கால் டைட்டு, வீட்டுக்குள்ளயும் மெத்துனு செருப்பு போடுங்க, காலைல எந்திரிக்கறதுக்கு முன்னாடி படுக்கைலயே துண்டால பாதத்தை இழுத்து விடுங்கன்னா. இதுக்கு கேமரா எதுக்குன்னு அவர் கேட்டார், அதுவும் சரிதான்.

போகணும்னு நெனைக்கறவங்களுக்கு: போறதுக்கு முன்னாடி உங்க சொந்த வேகத்தை நீங்களே அளந்துக்கங்க. எங்க ஸ்கூல் வராண்டால சாக்பீஸ்ல 10 மீட்டருக்கு ரெண்டு கோடு போட்டேன், ரெண்டு பக்கமும் ஒரு ரெண்டு மீட்டர் விட்டு, ஏன்னா நடக்க ஆரம்பிக்கற அடியும் நிக்கற அடியும் கணக்குல வரக்கூடாது. போன் ஸ்டாப்வாட்ச் எடுத்து கோடு தாண்டும்போது அமுக்குனா போதும். சுடிதார்ல எனக்கு 8.4 செகண்ட், 36ஐ அதால வகுத்தா 4.3 கிலோமீட்டர். காட்டன் புடவைல அதே நாள் அதே கால், 9 செகண்டுக்கு மேல போச்சு, அடி குட்டையாயிடுச்சு, கொசுவம் விடற அளவுக்குத்தானே கால் போகும். அதனால புடவை கட்டி பழகினவங்க, டெஸ்டுல ஷார்ட்ஸ் போட்டு நடக்கற நடை நீங்க தெனமும் நடக்கற நடை இல்லைன்னு மனசுல வெச்சுக்கங்க. ஹீல்ஸ் போட்டு எடுத்த அளவையும் வெறுங்கால் அளவையும் ஒண்ணா வெச்சு யாராவது பேசுனா கேக்காதீங்க.

அங்க போனதும் ரெண்டு கேள்வி கேளுங்க. என்னை எந்த வேகத்துல நடக்க விட்டீங்க, அது ரிப்போர்ட்ல எங்க இருக்குன்னு ஒண்ணு. என்னை யாரோட ஒப்பிட்டீங்கன்னு ஒண்ணு. ரெண்டுக்கும் பதில் வரலைன்னா பேக்கேஜுக்கு காசு கட்டாதீங்க. எங்களோடதுல திருத்தி அனுப்புன ரிப்போர்ட்ல கூட வேகத்துக்கு தனி கட்டம் இல்ல, அந்த பொண்ணு ஓரத்துல பேனால 4.3ன்னு எழுதி போட்டோ எடுத்து அனுப்பிருக்கா.

பார்க்கிங் இருக்கு, டூவீலர் மட்டும். சனிக்கெழமை கூட்டம், வாரநாள் சாயங்காலம் போங்க. லேடி ஸ்டாஃப் வேணும்னு போன்லயே சொல்லிடுங்க, ஷார்ட்ஸ் மறக்காதீங்க, கால்ல எண்ணெய் தேச்சுக்கிட்டு போகாதீங்க உருண்டை நிக்காது. வீட்டுக்கு வந்தப்பறம் டேப் பசை போகலைன்னா தேங்கா எண்ணெய் தடவி பத்து நிமிசம் விட்டு தொடைங்க, நான் சோப்பு போட்டு தேச்சு கணுக்கால்ல தோல் போனதுதான் மிச்சம்.